சந்தை நாளும் கடைசிப் படகும்: செட்டிநாட்டிலிருந்து தோபா ஏரிக்குச் செல்வோருக்கு

செட்டிநாட்டுப் பழைய குடும்பங்களில் இரங்கூன், கொழும்பு, பினாங்கு, சைகோன் ஆகிய ஊர்களோடு சேர்த்துச் சொல்லப்படும் இன்னொரு பெயர் மேடான். டச்சுக்காரர்களின் புகையிலைத் தோட்டங்களால் வளர்ந்த அந்தச் சுமத்ரா நகரத்துக்கும் நகரத்தார் கொண்டுவிக்கப் போனார்கள். அங்கே அவர்கள் எழுப்பிய சுப்பிரமணியர் கோவில் இன்றும் இருக்கிறது. ஆனால் இப்போது காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து வெளிநாடு சுற்றிப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கோலாலம்பூரோடும் சிங்கப்பூரோடும் திரும்பிவிடுகிறார்கள். மலாக்கா நீரிணையைக் கடந்து இன்னும் ஒரு மணி நேரம் பறந்தால் மேடான் வந்துவிடும். அதற்குத் தெற்கே, சாலை வழியாகச் சில மணி நேரத்தில், எரிமலைகள் சூழ்ந்த காரோ மேட்டுநிலமும் தோபா ஏரியும் இருக்கின்றன என்பது நம்மில் பலருக்கு நினைவில் இல்லை. அந்த மேட்டுநிலத்தின் சந்தை ஊர்களுக்கும் ஏரிக்கரைக் கிராமங்களுக்கும் எப்படிச் செல்வது, எப்படித் தங்குவது, எதைத் தவிர்ப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

தோபா ஏரி மழைநீர் தேங்கி உண்டான சாதாரண மலையேரி அன்று. ஏறத்தாழ 74,000 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த மாபெரும் எரிமலை வெடிப்பில் நிலத்தடிக் குழம்பு வெளியேறிவிட, மேற்கூரை தாங்காமல் உள்ளே சரிந்து உண்டான பள்ளத்தில் நீர் நிறைந்தது. நீளம் ஏறத்தாழ 100 கிலோமீட்டர், அகலம் 30 கிலோமீட்டர், ஆழம் 500 மீட்டருக்கு மேல். நீர்மட்டமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நடுவில் உள்ள சமோசிர் தீவு, பின்னாளில் அடியிலிருந்து மறுபடி மேலெழும்பிய ஏரித்தரை. அந்த வெடிப்பின் சாம்பல் வங்கக் கடலைத் தாண்டி வந்து விழுந்திருக்கிறது. கர்னூல் வட்டாரத்து ஜ்வாலாபுரத்தில் அந்தச் சாம்பல் அடுக்கை அகழாய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள். இந்த நில அமைப்பைப் பயணம் செய்கிறவர் மனத்தில் கொள்ள வேண்டியதற்குக் காரணம் உண்டு: பள்ளத்தின் விளிம்பு செங்குத்தாக இருப்பதால் ஏரியைச் சுற்றி எல்லா இடத்திலும் நேர்ச்சாலை கிடையாது, வரைபடத்தில் விரற்கடை தூரத்தில் தெரியும் இரண்டு ஊர்களுக்கிடையே அரை நாள் போய்விடக்கூடும்.

ஆகையால் இந்தப் பயணத்தைப் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிடுவதைவிட, சந்தை நாட்களையும் படகு நேரங்களையும் வைத்துத் திட்டமிடுவதே சரி என்பது என் கருத்து. சந்தை கூடும் நாளில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வண்டிகளும் படகுகளும் அந்த ஊரை நோக்கியே ஓடும். இடம் கிடைக்கும், ஆள்நடமாட்டம் இருக்கும், சாப்பாட்டுக் கடைகள் திறந்திருக்கும். மறுநாள் அதே ஊருக்குப் போனால், வெறுங்கொட்டகையைப் பார்த்துவிட்டு அடுத்த வண்டிக்காக மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரும்.

புறப்படும் முன்

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையத்துக்குப் புதுக்கோட்டை வழியாகப் போனால், நகருக்குள் நுழையாமலே இரண்டு மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் நேரடி விமானங்கள் உள்ளன. அங்கிருந்து மேடானின் குவாலானாமு விமான நிலையத்துக்கு மாறிச் செல்ல வேண்டும். இரண்டு பயணத்தையும் ஒரே சீட்டில் பதிவு செய்வது நல்லது. தனித்தனியாக எடுத்தால், கோலாலம்பூரில் குடியேற்றச் சோதனையைத் தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி உள்ளே போக வேண்டியிருக்கும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவதற்குப் பொறுப்பேற்க யாரும் இருக்க மாட்டார்கள். கடிகாரத்தையும் கவனியுங்கள்: மலேசியா நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால், சுமத்ரா ஒன்றரை மணி நேரம் முன்னால்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் குவாலானாமுவில் இறங்கியதும் விசா பெற முடியும். கட்டணம் 5,00,000 ருப்பியா. 30 நாள் தங்கலாம், ஒரு முறை நீட்டிக்கலாம். இதையே புறப்படுமுன் இணையத்தில் எடுத்துக்கொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சமாகும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லத்தக்கதாக இருக்க வேண்டும், திரும்பும் சீட்டையும் கேட்பார்கள். வருகைப் படிவமும் சுங்கப் படிவமும் இணையவழியில்தான் என்பதால், பெரியவர்களை அழைத்துச் செல்வோர் அதை வீட்டிலேயே நிரப்பிக் கைப்பேசியில் சேமித்துவைப்பது நலம்.

பணத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டு நாள் எல்லோரும் சுழியங்களில் தடுமாறுவார்கள். கடைக்காரர் ‘லீமா புலு’, அதாவது ஐம்பது, என்று சொன்னால் அது ஐம்பதாயிரம் ருப்பியா. ஆயிரத்தை வாயால் சொல்வதில்லை. மூன்று சுழியங்களை விட்டுவிட்டு மிச்சத்தை ஐந்தால் அல்லது ஆறால் பெருக்கினால் ஏறத்தாழ நம் ரூபாய்க் கணக்கு வந்துவிடும். சிவப்புத் தாள் லட்சம், நீலத் தாள் ஐம்பதாயிரம். பணம் எடுக்கும் இயந்திரங்கள் மேடானிலும் பெரிய சந்தை ஊர்களிலும் உள்ளன. கிராமங்களை நம்பிப் போகாமல், சில்லறைத் தாள்களையும் சேர்த்து மேடானிலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

உடை பற்றி ஒரு சொல். வெயிலையே பார்த்துப் பழகிய நமக்கு, ‘நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊர்தானே, அங்கே என்ன குளிர்’ என்று தோன்றும். பெரஸ்தாகி சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; இரவில் கம்பளிச் சட்டை இல்லாமல் உட்கார முடியாது. ஏரிக்கரையிலும் விடியற்காலையில் குளிர்காற்று உண்டு. மழை ஆண்டு முழுவதும் வரும் என்றாலும், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓரளவு குறைவு. அக்டோபருக்குப் பிறகு பிற்பகல் மழை அதிகம். நோன்புப் பெருநாள் விடுமுறையையும் கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களையும் தவிர்த்துவிடுங்கள். மேடான் நகரமே அப்போது ஏரிக்குத்தான் வருகிறது.

மேடான்

நேராக மலைக்குப் போய்விடலாமா என்று கேட்பவர்களுக்கு, ஒரு நாள் மட்டும் மேடானில் தங்குங்கள் என்பேன். விமான நிலையத்திலிருந்து நகரின் நடுவே உள்ள நிலையத்துக்கு ரயில் இருக்கிறது. கம்போங் மெட்ராஸ் என்று இன்று அழைக்கப்படும் பகுதியில், தெயுக்கு உமார் தெருவில், 1884-இல் எழுந்த மாரியம்மன் கோவில் உள்ளது. நகரின் ஓரத்தில் தஞ்சோங் செலாமத் பகுதியில் உள்ள அன்னை வேளாங்கண்ணி ஆலயம் 2005-இல் கட்டி முடிக்கப்பட்டது. கோபுரமும் குவிமாடமும் கலந்த அதன் தோற்றத்தைப் பார்த்து அது தேவாலயம் என்று முதலில் நம்பாதவர்கள் உண்டு. இட்லி, தோசை தேவைப்படுகிறவர்களுக்கு இதுதான் கடைசி ஊர். மலைக்கு மேலே கிடைக்காது.

காரோ மேட்டுநிலம்

மேடானின் பாடாங் பூலான் பகுதியிலிருந்து பெரஸ்தாகிக்குச் சிற்றுந்துகள் அடிக்கடி புறப்படுகின்றன. தூரம் 70 கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் கொண்டை ஊசி வளைவுகளும் சரக்கு லாரிகளும் உள்ள ஒற்றைச் சாலை என்பதால் இரண்டு முதல் மூன்று மணி நேரம் ஆகும். சனிக்கிழமை காலையில் ஏறுவதும் ஞாயிற்றுக்கிழமை மாலையில் இறங்குவதும் வேண்டவே வேண்டாம்; அந்த நேரங்களில் இந்தச் சாலையில் வண்டிகள் நகர்வதைவிட நிற்பதே அதிகம். குமட்டல் வரும் என்பவர்கள் முன்னிருக்கையைக் கேட்டு வாங்குங்கள்.

பெரஸ்தாகி ஒரு காய்கறி ஊர். எரிமலை மண்ணில் முட்டைக்கோசு, காரட், உருளைக்கிழங்கு, ஆரஞ்சு எல்லாம் விளைந்து இங்கே வந்துதான் லாரியேறுகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கென்று ஒரு பழச்சந்தை தனியே உண்டு. அங்கே மர்க்கிசா என்னும் கொடித்தோடைப் பழத்தையும் பூந்தொட்டிகளையும் அடுக்கிவைத்து முதலில் இரட்டை விலை சொல்வார்கள். ஊர்க்காரர்கள் வாங்கும் பொதுச்சந்தைக்கு அதிகாலையில் போவதே மேல். தலையில் சீலையை மடித்துக் கட்டிய காரோ மூதாட்டிகள் வெற்றிலையை மென்றபடி, கொத்தமல்லிக் கட்டுக்கும் மிளகாய்க் குவியலுக்கும் நடுவே உட்கார்ந்திருப்பதை அங்கே பார்க்கலாம். விலை பேசுவதில் நம்மூர் ஆச்சிமார்கள் அவர்களிடம் தோற்க மாட்டார்கள் என்றாலும், வெல்வதும் கடினம்தான். பேரம் சிரித்த முகத்தோடு, இரண்டு சுற்றுக்குள் முடிய வேண்டும். வாங்கும் எண்ணமில்லாமல் விலை கேட்டு இழுத்தடிப்பதை யாரும் விரும்புவதில்லை.

ஊருக்குப் பின்னால் இரண்டு எரிமலைகள் நிற்கின்றன. சிபாயாக் மலையில் ஏறலாம். உச்சிப் பள்ளத்தில் கந்தகப் புகை சீறிக்கொண்டிருக்கும், விடியலுக்கு முன் புறப்பட்டால் மேகம் மூடுமுன் பார்த்துவிட்டு அடிவாரத்துச் சிடெபுக்-டெபுக் வெந்நீர் ஊற்றுகளில் குளித்துத் திரும்பலாம். பனிமூட்டத்தில் வழி தவறுவது எளிது என்பதால் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். சினாபுங் வேறு வகை. நூற்றாண்டுகளாக அமைதியாக இருந்த அந்த மலை 2010-இல் வெடித்தது. 2013-க்குப் பிறகு பல ஆண்டுகள் விட்டுவிட்டு வெடித்துக்கொண்டே இருந்ததில் சாவுகள் நேர்ந்தன, சில கிராமங்கள் நிரந்தரமாகக் காலி செய்யப்பட்டன. தூரத்திலிருந்து பார்ப்பதற்கு மட்டுமே உரிய மலை அது. தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் ‘பேய்க் கிராமம்’ காட்டுகிறேன் என்று அழைக்கும் வண்டிக்காரர்களை மறுத்துவிடுங்கள். இந்தோனேசிய அரசு ஒவ்வொரு எரிமலைக்கும் முதல் நிலை முதல் நான்காம் நிலை வரை எச்சரிக்கை வகுத்து இணையத்தில் வெளியிடுகிறது. அன்றைய நிலையைத் தங்குமிடத்தில் கேட்டாலே சொல்வார்கள்.

பக்கத்து ஊர் கபன்ஜாஹே, காரோ மாவட்டத்தின் தலைநகரம். அங்கிருந்து லிங்கா கிராமத்துக்குப் போனால், எட்டுக் குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும்படி ஆணி அடிக்காமல் கட்டிய பழைய மரவீடுகளைக் காணலாம். காரோ மக்களின் குலப்பெயர்களில் செம்பிரிங் என்று ஒன்று உண்டு. அதன் உட்பிரிவுகளில் சோலியா, பாண்டியா, பெலாவி, பிரம்மணா ஆகிய பெயர்கள் இருப்பதைக் கேட்டால் நம்மவர்களுக்குக் காது விடைக்கும். தென்னிந்திய வணிகர்களோடு பழங்காலத்தில் இருந்த தொடர்பை இவை காட்டுகின்றன என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அந்தத் தொடர்புக்குக் கல்லில் எழுதிய சான்றும் இருக்கிறது: மேற்குக் கரையில் பாருஸ் ஊரை ஒட்டிய லோபு துவாவில் கிடைத்த, 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த, திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு. பாருஸ் இந்தப் பயணப் பாதையில் இல்லை, ஏரியிலிருந்து நெடுந்தூரம். இதற்காக மட்டும் போக வேண்டும் என்று சொல்ல மாட்டேன்.

மேட்டுநிலத்திலிருந்து ஏரிக்கு

பெரஸ்தாகியிலிருந்து ஏரிக்கரை ஊரான பரப்பாத்துக்கு இரண்டு வகையில் செல்லலாம். பேருந்தில் போனால் முதலில் கபன்ஜாஹே, அங்கே மாறிப் பெமத்தாங் சியந்தார், மறுபடி மாறிப் பரப்பாத் என்று ஒரு நாள் முழுவதும் செலவாகும். காசு குறைவு, இடுப்பு வலி அதிகம். வாடகைக் காரில் நான்கைந்து பேர் சேர்ந்து போனால், ஏரியின் வட முனையில் ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சிபிசோ-பிசோ அருவியில் நின்று, பள்ளத்தின் விளிம்பை ஒட்டிய சாலையில் ஏரியைப் பார்த்தபடியே போகலாம். வயதானவர்கள் உடன் வந்தால் காரே நல்லது. அருவியின் அடிவாரத்துக்கு இறங்கும் படிகளைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம், ஏறி வருவதுதான் கணக்கு.

பேருந்தில் போகிறவர்களுக்குச் சியந்தாரில் ஒரு பரிசு காத்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் பி.எஸ்.ஏ. மோட்டார் சைக்கிள்களைப் பக்கவாட்டில் பூட்டிய பெச்சாக் வண்டிகள் இன்னும் அங்கே ஓடுகின்றன. பேருந்து மாறும் இடைவெளியில் அதில் ஒரு சுற்று சுற்றிவிட்டு, தகரக் கூரையடியில் ஒரு காப்பி குடிக்கலாம். சியந்தார் பெரிய வணிக ஊர், மருந்தோ கைப்பேசி மின்னேற்றியோ மறந்திருந்தால் இங்கேயே வாங்கிவிடுங்கள்.

படகு

பரப்பாத்தில் திகராஜா என்னும் துறையிலிருந்து சமோசிர் தீவின் துக்துக் முனைக்குப் பயணிகள் படகுகள் போகின்றன. கார், லாரி ஏற்றும் பெரிய படகுகள் பக்கத்து அஜிபாத்தாவிலிருந்து புறப்படுகின்றன. எந்தத் தங்குமிடத்தில் இறங்க வேண்டும் என்பதைப் படகு கிளம்பும்போதே உதவியாளரிடம் சொல்லிவிட வேண்டும்; படகு துக்துக்கை நெருங்கியதும் கரையோரமாகவே ஊர்ந்து சென்று, ஒவ்வொரு விடுதியின் மரத்துறையிலும் மூக்கை மட்டும் முட்டவைத்து, இறங்குகிறவரின் பெட்டியைக் கைமாற்றிவிட்டு, கயிறு கட்டாமலே பின்வாங்கி அடுத்த துறைக்குப் போய்விடும். அரை நிமிடத்தில் இதெல்லாம் முடிந்துவிடும் என்பதால், பெட்டியைக் கூரைமேல் போட்டுவிட்டு உள்ளே ஆழ்ந்து உட்கார்ந்திருப்பவர் அடுத்த விடுதியில்தான் இறங்க வேண்டியிருக்கும். அக்கரை சேர ஏறத்தாழ முக்கால் மணி நேரம். படகுகள் ஏறக்குறைய மணிக்கு ஒன்று. கடைசிப் படகு மாலை ஆறு, ஏழு மணிவாக்கில். மேடானிலிருந்து நண்பகலுக்குப் பின் புறப்படுகிறவர்கள் அதைப் பிடிப்பது அரிது. தவறவிட்டால் தனிப்படகுக்குக் கேட்கும் விலைக்குப் பரப்பாத்திலேயே அறை எடுத்துத் தூங்கிவிட்டுக் காலையில் போகலாம்.

சனிக்கிழமையன்று பரப்பாத்தில் பெரிய சந்தை கூடும். தீவிலிருந்து வெங்காயமும் மீனும் காப்பிக்கொட்டையும் ஏற்றி வந்த படகுகள், பிற்பகலில் அரிசி மூட்டை, நெகிழிக்குடம், கோழிக்கூண்டு என்று நிறைத்துக்கொண்டு திரும்பும். அந்தத் திரும்பும் படகில் ஏறுவதுதான் இந்தப் பயணத்தின் சிறந்த பகுதி. ஆனால் பார்த்து ஏற வேண்டும். 2018 ஜூன் 18 அன்று, பெருநாள் விடுமுறைக் கூட்ட நாளில், தீவின் சிமானிந்தோவிலிருந்து அக்கரைத் திகராஸ் துறைக்குப் போன ஒரு படகு அளவுக்கு மீறி ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. பயணிகளின் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. 160-க்கும் மேற்பட்டோர் காணாமல் போனார்கள். 400 மீட்டருக்கும் அதிகமான ஆழத்தில் படகு கண்டறியப்பட்டும், பெரும்பாலானோரின் உடல்களை மேலே கொண்டுவர முடியவில்லை. ஆகவே உட்கார்ந்தவுடன் மிதவைச் சட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டு வருகிறவர்கள் நடைவழியை அடைத்துவிட்டால் இறங்கி அடுத்த படகுக்குக் காத்திருங்கள். பிற்பகலில் காற்று எழுந்து அலை கூடுவது வழக்கம். குழந்தைகளோடு போகிறவர்கள் காலைப் படகையே பிடிக்க வேண்டும். குளிக்கும்போதும் நினைவிருக்கட்டும்: நம்மூர் ஊருணியில் படி இறங்கி இடுப்பளவு நீரில் நிற்பதுபோல இங்கே நிற்க முடியாத இடங்கள் பல, கரையிலிருந்து சில அடியிலேயே தரை சரிந்துவிடும்.

சாலை வழியாகத் தீவுக்குப் போக விரும்புகிறவர்களுக்கு மேற்குப் பக்கத்தில் பங்குருரான் ஊரின் அருகே பாலம் உண்டு. முன்பு அங்கே ஒரு குறுகிய நிலத்துண்டு தீவைக் கரையோடு இணைத்திருந்தது. டச்சு ஆட்சியில் அதை வெட்டிக் கால்வாய் ஆக்கினார்கள்.

சமோசிரின் கிராமங்கள்

துக்துக்கில் தங்கிக்கொண்டு மற்ற கிராமங்களுக்குப் போய்வருவது வசதி. மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். இந்தோனேசியாவிலும் சாலையின் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும் என்பதால் நமக்குப் பழக்கமே. பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தை ஊரிலேயே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாங்கி வந்துவிடுங்கள். அது இல்லாமல் விபத்தில் சிக்கினால் பயணக் காப்பீடு கைவிடும்.

தெற்கே தொமோக்கில் சிடபுத்தார் குல அரசரின் கற்கல்லறை உள்ளது; அதற்குப் போகும் வழி முழுவதும் துணிக்கடைகள். வடக்கே அம்பரித்தாவில் சியாலகான் குலத்தாரின் கல் இருக்கைகள் வட்டமாகப் போடப்பட்டிருக்கின்றன, ஊர்ப் பஞ்சாயத்து அங்கே கூடித் தண்டனை வழங்கியதாக வழிகாட்டிகள் விரிவாக நடித்துக் காட்டுவார்கள். சிமானிந்தோவில் பழைய ஊர்க்கட்டு ஒன்று காட்சியகமாக இருக்கிறது, அங்கே நடனம் நடக்கும். இன்னும் மேற்கே பங்குருரான். கால்வாய்க்கு அப்பால், இந்த வட்டாரத்தின் பூர்வகுடிகளான பத்தாக் மக்கள் தங்கள் மூதாதை தோன்றிய இடமாக வணங்கும் பூசுக் புகித் மலையடியில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் ஓட்டமாக ஓடிப் பார்த்துவிடலாம். நான் அப்படிச் செய்யச் சொல்ல மாட்டேன். சந்தை கூடும் நாளில் பங்குருரானுக்குப் போய், மற்ற நாளில் அம்பரித்தாவோடு நிறுத்திக்கொள்வது போதும். வாரச் சந்தையைத் தோபா மக்கள் ஒனான் என்பார்கள், எந்த ஊரில் எந்தக் கிழமை என்று விடுதிக்காரரிடம் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டால் சரியான பதில் வரும். தென்கரையில் உள்ள பாலிகே ஊரின் சந்தைக் கொட்டகை பத்தாக் வீட்டுக் கூரை வரிசையாகவே கட்டப்பட்டது. அந்தப் பக்கம் போகிறவர்கள் அதையும் பார்க்கலாம்.

வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தோபா பத்தாக் வீடு மரக்கால்களின்மேல் நிற்பது. கூரை இரண்டு முனையிலும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். முகப்புப் பலகைகளில் சிவப்பு, வெள்ளை, கறுப்பு வண்ணங்களில் செதுக்கு வேலை. கதவுக்குப் பக்கத்தில் பல்லியும் மார்பகங்களும் செதுக்கியிருப்பார்கள். வாசல் வேண்டுமென்றே தாழ்வாக வைக்கப்பட்டது, உள்ளே வருகிறவர் குனிந்துதான் வர வேண்டும். கூரை இப்போது பெரும்பாலும் துருப்பிடித்த தகரம். ஆனாலும் அந்த வீடுகளில் பலவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள். இதுதான் முக்கியம். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பயணிகள் முகப்பில் படம் எடுத்ததோடு நில்லாமல், கேட்காமலே வளவு வரை வந்து நிற்பதைக் கண்ட நமக்கு, அதே காரியத்தை அங்கே போய்ச் செய்யக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. முற்றத்தில் நின்று ‘ஹோராஸ்’ என்று சொல்லுங்கள், அதுதான் அவர்களுடைய வணக்கம். காரோ பகுதியில் ‘மெஜுவா-ஜுவா’. மூத்த பெண்களை ‘இனாங்’ என்றும் ஆண்களை ‘அமாங்’ என்றும் அழையுங்கள். அழைத்தால் போங்கள், செருப்பைக் கீழேயே விட்டுவிடுங்கள். வழியோரத்து வயல்களில் சின்ன வீடுபோலக் கட்டி வண்ணம் பூசியிருப்பவை கல்லறைகள், அவற்றின்மேல் உட்கார்ந்து படம் எடுப்பது பெருந்தவறு.

பேச்சு தொடங்கியதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, என்ன மர்கா, அதாவது எந்தக் குலம், என்பதாக இருக்கும். ஒரே மர்காவுக்குள் பெண் கொடுப்பதில்லை, எடுப்பதில்லை. நகரத்தார் ஒருவரையொருவர் சந்திக்கும்போது ‘நீங்கள் எந்தக் கோவில்?’ என்று கேட்பதையும், ஒன்பது கோவில் பிரிவுகளை வைத்தே திருமணம் பேசுவதையும் சொல்லிப் பாருங்கள்; பேச்சு அதற்குப் பிறகு எளிதில் முடியாது.

துணி வாங்குவோர் தொமோக் கடைகளில் எடுப்பதைவிட, பங்குருரான் சாலையில் உள்ள லும்பான் சுகி-சுகி பகுதிக்குப் போய் நெசவாளர்களிடமே வாங்கலாம். உலோஸ் என்னும் அந்தத் துணியைப் பெண்கள் தரையில் உட்கார்ந்து, தறியின் ஒரு முனையை முதுகில் பிணைத்துக்கொண்டு, இடுப்பை முன்னும் பின்னும் அசைத்தே பாவை இறுக்கியும் தளர்த்தியும் நெய்கிறார்கள். கண்டாங்கிச் சேலையின் குழித்தறியைப் பார்த்த கண்ணுக்கு இது புதிதாக இருக்கும். உலோஸ் வெறும் அலங்காரத் துணி ஆகாது. பிறப்பு, திருமணம், இறப்பு ஒவ்வொன்றுக்கும் உரிய வகை உண்டு, மூத்தவர் இளையவரின் தோளில் போர்த்தி வாழ்த்துவார். எதற்கு உரியது என்று கேட்டு வாங்குங்கள். விசைத்தறித் துணி மலிவாகக் கிடைக்கும், ஓரத்து நூல் முடிச்சுகளைப் பார்த்தாலே வேறுபாடு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எதையும் திட்டமிடாதீர்கள். தோபா மக்களில் பெரும்பாலோர் புராட்டஸ்டன்டு கிறிஸ்தவர்கள். கடைகள் மூடியிருக்கும், ஊர் முழுவதும் தேவாலயத்தில் இருக்கும். வெளியே நின்றாலும் நான்கு குரலில் பாடும் பாட்டு நன்றாகக் கேட்கும்.

சாப்பாடு

பத்தாக் நாட்டில் பன்றி இறைச்சியே முதன்மை. ‘லாப்போ’ என்று பலகை தொங்கும் கடைகளில் அதுதான் கிடைக்கும்; சாக்சாங் என்னும் குழம்பில் இரத்தமும் சேர்ப்பார்கள். பலகையில் ஆங்கில ‘பி’ எழுத்தோடு 2 என்று போட்டிருந்தால் பன்றி, 1 என்று போட்டிருந்தால் நாய். காரோ பகுதியில் ‘பி.பி.கே.’ என்றிருந்தால் சுட்ட பன்றி. இந்த மூன்றையும் தெரிந்துவைத்துக்கொண்டால் வாசலிலேயே முடிவு செய்துவிடலாம். முஸ்லிம் உணவகங்களும் மேற்குச் சுமத்ரா முறையில் சமைக்கும் பாடாங் உணவகங்களும் எல்லாச் சந்தை ஊர்களிலும் உண்டு. கோழி, மீன் மட்டும் உண்பவர்கள் அங்கே போகலாம்.

சைவர்களுக்குப் பட்டினி இல்லை, ஆனால் கவனம் வேண்டும். சோறு, கீரை, தெம்பே என்னும் புளிக்கவைத்த சோயாக் கட்டி, தாகு என்னும் சோயாப்பால் கட்டி, நிலக்கடலைச் சாற்றில் புரட்டிய காய்கள் கிடைக்கும். சம்பாலில் இறால் விழுதும், கீரைப் பொரியலில் நெத்தலியும் சொல்லாமலே இருக்கும். ‘இறைச்சி வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் மீன் வரும். ‘தன்பா டாகிங், தன்பா இகான், தன்பா தெராசி’, அதாவது இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல், இறால் விழுது இல்லாமல், என்று மூன்றையும் சொல்ல வேண்டும். துக்துக் விடுதிகளில் வெளிநாட்டவர் வருவதால் இது புரியும். உள்கிராமங்களில் பருப்புப்பொடியும் நார்த்தங்காய் ஊறுகாயும் கையில் இருந்தால் வெறுஞ்சோறே போதும். தேன்குழலும் சீப்புச்சீடையும் கொண்டுபோய் விடுதிக்காரர் வீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தால் நல்ல பெயர் கிடைக்கும்.

அசைவம் உண்பவர்கள் ஆர்சிக் சாப்பிடாமல் திரும்பக் கூடாது. முழுக் கெண்டை மீனை மஞ்சள், சின்ன வெங்காயம், மிளகாய், காட்டு இஞ்சிப் பூ, அந்தலிமான் சேர்த்து அரைத்த விழுதோடு, தேங்காய்ப்பால் இல்லாமல், நீர் வற்றும்வரை சிறுதீயில் வைத்திருப்பார்கள். அதில் அந்தலிமான்தான் உயிர். சந்தையில் மிளகைவிடச் சிறிய பச்சை மணிகளாக, காம்போடு, தகரக் குவளையால் அளந்து விற்கப்படும். ஒன்றை எடுத்துக் கடித்தால் முதலில் எலுமிச்சை மணம் வரும். சில நொடிக்குப் பின் நாக்கு மரத்து, உதட்டோரம் துடிக்கத் தொடங்கும். கல்பாசியும் மராத்தி மொக்கும் அன்னாசிப்பூவும் ஆளும் நம் சமையலில் இந்த மரமரப்புக்கு ஈடு இல்லை. கொங்கணத்தார் மீன் குழம்பில் போடும் திர்பல் இதன் இனம். பச்சையாக ஊருக்குக் கொண்டுவர நினைக்காதீர்கள், ஓரிரு நாளில் கறுத்துவிடும். தவிர, செடிப்பொருள்களைக் கொண்டுவர இந்தியாவில் தாவர நோய்த்தடுப்பு விதிகள் இருக்கின்றன. காப்பித்தூள் வாங்குங்கள், அதில் சிக்கல் இல்லை.

திரும்பும் வழி

சமோசிரில் காலையில் கிளம்பி அன்று மாலையே விமானம் ஏறும் திட்டம் போடாதீர்கள். படகு, பரப்பாத்திலிருந்து நான்கைந்து மணி நேரச் சாலை, சியந்தாரின் நெரிசல் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். முந்தைய நாளே பரப்பாத்துக்கோ மேடானுக்கோ வந்து தங்கிவிட வேண்டும். பரப்பாத்திலிருந்து வாடகைக் கார் பிடிப்பவர்கள், மேடான் நகருக்குள் போகாமல் தெபிங் திங்கி வழியாக நேரே குவாலானாமுவுக்கு விடச் சொல்லுங்கள். விமான நிலையம் நகருக்குக் கிழக்கே, அந்தப் பக்கத்திலேயே இருப்பதால் ஒரு மணி நேரமாவது மிச்சமாகும். பேருந்தில் வருகிறவர்கள் மேடானின் அம்ப்ளாஸ் நிலையத்தில் இறங்கி அங்கிருந்து விமான நிலையப் பேருந்து பிடிக்கலாம். டுரியான் பழத்தை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், மர்க்கிசாச் சாற்றுப் புட்டிகளைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். புட்டிகளை உலோஸ் துணிக்குள் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள்.